சேவல் இல்லாத கொட்டகை

நாமக்கல்
10.06.2025, செவ்வாய்

ஜீவாவுக்கு,

கண்ணுசாமி எழுதுவது. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நேற்று முழுக்க உனக்குப் போன் அடித்துப் பார்த்தேன். கடைசியில் உன் தம்பி எடுத்து, "அக்கா பேசமாட்டேங்குதுங்க மாமா. சொல்றதிருந்தா எழுதி அனுப்பச் சொல்லுது" என்றான். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு மனு எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைமை. செவ்வாயும் வெள்ளியும் சேந்தமங்கலம் லைனுக்கு முட்டை ஏற்றிப் போகிற மணியனிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

அப்படி நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கெடா விருந்து. பங்காளிகள் அத்தனை பேரும் பந்தியில். நீ மூன்றாவதாக முழுகாமல் இருக்கிற சேதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆராயி அண்ணி, இந்தத் தடவையாவது பையனாகப் பிறக்க வேண்டும் என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேடிக்கையாக, "பொட்டையா சேவலாங்கறத முடிவு பண்றது கோழிதானுங்க அண்ணி. சேவல் என்ன பண்ணும்? எங்க ஊட்டுக் கோழியத்தான் கேக்கோணும்" என்றேன். பந்தியே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். விடிந்ததும் பார்த்தால் பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. கால்நடைக் கல்லூரியில் மூன்று நாள் கோழிப் பண்ணைப் பயிற்சிக்குப் போனபோது டாக்டரே கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொன்னார். சான்றிதழ் நம் பண்ணை ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கிறது.

யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. இரண்டு நாளாக அவளுக்கும் சின்னவள் நித்யஸ்ரீக்கும் டிபன் டப்பாவில் முட்டைப் பொரியல்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்து வாரக் கர்ப்பத்தோடு பஸ்ஸில் குலுங்கிப் போயிருக்கிறாய். வெள்ளிக்கிழமை மணியன் வண்டியிலேயே வந்துவிடு.

கண்ணுசாமி


சேந்தமங்கலம்
13.06.2025

யாழினி அப்பாவுக்கு,

ஜீவா எழுதுவது. நான் ஏன் போனில் பேசவில்லை என்றால், போனில் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அப்புறம் சண்டை கெட்டுப்போகும். இந்தச் சண்டையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வேண்டுமென்றே விட்டீர்களா, மறந்துவிட்டீர்களா தெரியாது. பையனாகப் பிறக்க வேண்டும் என்பதோடு ஆராயி அக்கா நிறுத்தவில்லை. ஏதோ ஓர் ஊரில் ஸ்கேன் எடுத்து ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிற இடம் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிடலாம் என்றும் சொன்னார். பார்த்துச் சொன்ன பிறகு என்ன செய்வார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கேட்கவும் இல்லை. அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். 'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். கோழிக் கதை வந்தது.

அந்தக் கதையும் தப்பு. உங்களுக்குப் பாடம் எடுத்தவர் கோழி டாக்டர். கோழியைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று என் தம்பி பொண்டாட்டி ரஞ்சனி சொல்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் மனிதருக்கு அது அப்படியே தலைகீழ். ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், ஒய் என்று இரண்டு குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. பெண்ணின் கருமுட்டை ஒவ்வொன்றிலும் இருப்பது எக்ஸ் மட்டும்தான். ஆணின் விந்தணுவில்தான் பாதி எக்ஸும் பாதி ஒய்யும். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் பையன். ஆக, யாழினியும் நித்யஸ்ரீயும் உங்கள் உபயம். கை குலுக்கி வாழ்த்தியிருக்க வேண்டியது உங்களைத்தான்.

நான் வர வேண்டுமென்றால், சொன்னது தப்பு என்று சிரித்தவர்கள் முன்னாலேயே நீங்கள் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளையை யாரும் எங்கேயும் கொண்டுபோய்ப் பார்க்க மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிரசவமும் இங்கேதான், பிள்ளை வளர்வதும் இங்கேதான். தம்பியிடம் கேட்டுவிட்டேன், அவன் சரி என்றான்.

ரசத்துக்குப் புளியைக் கரைத்து, தக்காளியைக் கையால் பிசைந்து போடுங்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விடாதீர்கள்.

ஜீவா


நாமக்கல்
17.06.2025

ஜீவாவுக்கு,

ரசம் கொதித்துவிட்டது. இருந்தாலும் பிள்ளைகள் குடித்தார்கள்.

கோழிக்கு ஒரு சட்டம், மனுஷனுக்கு ஒரு சட்டம் என்று ஆண்டவன் எதற்காகப் போட வேண்டும்? உன் தம்பி பொண்டாட்டி ஊசி போடுவதில் கெட்டிக்காரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாம் தெரியும் என்று ஆகுமா என்று யோசித்துவிட்டு, யாழினியின் விலங்கியல் புத்தகத்தை எடுத்தேன். கோடை வகுப்பிலேயே நடத்தின மற்றப் பாடமெல்லாம் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி அழுக்காகிக் கிடக்கிறது. மனித இனப்பெருக்கம் என்கிற பாடம் மட்டும் கடையில் வாங்கினபடி பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் தாண்டிப் போய்விட்டாராம்.

அதைத் தீவன ரூமில் உட்கார்ந்து படித்தேன். யாராவது வந்தால் மறைக்கத் தீவனக் கம்பெனி காலண்டர் பக்கத்தில் தயாராக இருந்தது. கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும், உங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. கோழி ஒரு நாளைக்கு ஒன்று, நீங்கள் மாதத்துக்கு ஒன்று. அதெல்லாம் புரிந்தது. எனக்குப் புரியாதது வேறு. சேவலுக்கு விந்தகம் உடம்புக்கு உள்ளே முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. செத்த சேவலை டாக்டர் அறுத்துக் காட்டி நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆம்பளைக்கு மட்டும் எதற்காக வெளியே தொங்கவிட்டு, கிரிக்கெட் பந்து படும்படி வைக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்லு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அண்ணி சொன்ன அந்த இடத்துக்கு உன்னை அனுப்புகிற எண்ணம் எனக்கு ஒரு நாளும் இல்லை. அது உனக்குத் தெரியாதா? தெரியும் என்று நினைத்துத்தான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அதற்காகப் பங்காளிகள் கூடின இடத்தில் எழுந்து நின்று விந்தணு, கருமுட்டை என்றெல்லாம் பேசச் சொல்கிறாயே. மாரியப்பன் சித்தப்பா முன்னால் நான் இதுவரை உரக்கத் தும்மினதுகூட இல்லை.

கண்ணுசாமி


சேந்தமங்கலம்
20.06.2025

யாழினி அப்பாவுக்கு,

உங்கள் கேள்வியை ரஞ்சனியிடம் கேட்டேன். சிரித்து முடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. உடம்புச் சூட்டில் மனித விந்தணு சரியாக உருவாகாதாம். இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் வெளியே ஒரு பையில் வைத்திருக்கிறது. குளிருக்குச் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வெயிலுக்குத் தளர்ந்து இறங்கும். உங்கள் கொட்டகையில் குளிருக்கும் வெயிலுக்கும் பக்கவாட்டுப் படுதாவை ஏற்றி இறக்குவீர்களே, அந்த வேலைதான். சேவல் மட்டும் அத்தனை சூட்டிலும் எப்படிச் சமாளிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

விந்தகத்துக்குள்ளே நூல்கண்டு மாதிரி மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அதன் சுவரில்தான் விந்தணு பிறக்கிறது. ஒரு செல்லில் இருபத்து மூன்று ஜோடிக் குரோமோசோம்கள். அது இரண்டு கட்டமாகப் பிரிந்து நாலு செல்லாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஜோடியில் ஒன்று, அதாவது பாதிதான் கிடைக்கும். நாலில் இரண்டுக்கு எக்ஸ், இரண்டுக்கு ஒய். அப்புறம் வால் முளைத்து, பக்கத்தில் இருக்கிற சுருள் குழாயில் தங்கி நீந்தப் பழகி வெளியே வர எழுபது நாளுக்கு மேல் ஆகும். வயதுக்கு வந்ததிலிருந்து கிழவனாகும்வரை இந்த உற்பத்தி நிற்பதே இல்லையாம்.

எங்கள் கதை வேறு. பெண்பிள்ளை தன் அம்மா வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல் அத்தனையும் உருவாகிவிடுகிறது. அறுபது எழுபது லட்சம். பிறப்பதற்குள் முக்கால்வாசி அழிந்துவிடும். வயதுக்கு வரும்போது மூன்று நாலு லட்சம் மிஞ்சும். வாழ்நாளில் வெளியே வருவது நானூறு சொச்சம்தான். அதுவரை ஒவ்வொன்றும் பாதிப் பிரிவில் அப்படியே நின்று காத்துக்கொண்டிருக்கும். இப்போது என் வயிற்றில் பிள்ளையாகியிருக்கிற முட்டை, நான் என் அம்மா வயிற்றில் இருந்தபோது உருவானது. முப்பத்தேழு வருஷம் காத்திருந்திருக்கிறது. உங்கள் பங்கு எழுபது நாள் சரக்கு. இதில் கேள்வி கேட்கிறவர் நீங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். மூன்று கொட்டகையில் முப்பதாயிரம் கோழி வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சேவல் உண்டா? பொட்டைக் குஞ்சாகப் பார்த்துப் பொறுக்கித்தான் காசு கொடுத்து இறக்குவீர்கள். தவறி ஒரு சேவல் குஞ்சு வந்துவிட்டால் பொரிப்பகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பீர்கள். பொட்டைகளால் நடக்கிற வீடு இது. பிள்ளைகள் படிப்பதும் நாம் சாப்பிடுவதும் அவற்றால்தான். அப்படிப்பட்ட வீட்டில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தால் மட்டும் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்?

நானும் சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது முகத்தை வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் முன்னால் சிரித்தேனே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் உள்ளது.

ஜீவா


நாமக்கல்
24.06.2025

ஜீவாவுக்கு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவைதான். அதற்கு மேல் முடியவில்லை.

எழுபது நாள் என்று எழுதினாயே, எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உனக்குக் கரு தங்கியது சித்திரை பிறந்த சமயம். அங்கிருந்து பின்னால் போனால் தை மாதம் பாதி. பண்ணை நோட்டைப் புரட்டினேன். புதுக் குஞ்சு இறக்கிய வாரம் அது. பத்தாயிரம் குஞ்சுக்குக் கதகதப்புக்கு லைட் போட்டு, பேப்பர் விரித்து, அந்தச் சூட்டில் நான் நாளெல்லாம் வெந்துகொண்டிருந்த சமயம். அங்கே நான் பொட்டைக் குஞ்சுகளை எண்ணி இறக்கிக்கொண்டிருக்க, என் உடம்புக்குள்ளே இப்படி ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சனிக்கிழமை யாழினி தீவன ரூமுக்கு வந்துவிட்டாள். காலண்டரை எடுப்பதற்குள் பார்த்துவிட்டாள். என் புத்தகத்தைக் காணோம் என்று நாலு நாளாகத் தேடுகிறேன் என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, மிஸ் நடத்தாத பாடம் என்பதால் எனக்கும் புரியவில்லை, சேர்ந்தே படிப்போம் என்றாள். பெற்ற பெண்ணோடு அந்தப் பாடத்தைப் படிப்பதா என்று காது இரண்டும் எரிந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. கணக்குப் பாடம் மாதிரி படம் போட்டு, எக்ஸ், ஒய் என்று கட்டம் கட்டிக் காட்டினாள். அரை மணி நேரத்தில் எனக்கும் கூச்சம் போய்விட்டது. சந்தேகம்கூடக் கேட்டேன்.

எல்லாம் முடிந்து புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நான் பொறந்தப்ப பையன் இல்லீனு வருத்தப்பட்டீங்களா?"

இல்லை சாமி என்று உடனே சொன்னேன். அவள் சரியென்று போய்விட்டாள். அவள் நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. ஜீவா, உனக்கு மறைப்பானேன். அவள் பிறந்தபோது வருத்தப்படவில்லை. நித்யஸ்ரீ பிறந்தபோது ஒரு வாரம் பட்டேன். பிள்ளையைப் பார்த்து வந்த வருத்தம் இல்லை அது. டீக்கடையில், ரெண்டும் பொண்ணா என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டு வந்தது. அந்தக் கூச்சத்தைத்தான் பன்னிரண்டு வருஷமாக வேடிக்கைப் பேச்சாக்கி உன்மேல் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு நாள் குறிக்க. விருந்தில் இருந்த அத்தனை பேரும் வருவார்கள். பேசலாம் என்று இருக்கிறேன். பேசிவிடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மைக்கைப் பிடித்ததும் எனக்குக் கால் ஆடும்.

கண்ணுசாமி


சேந்தமங்கலம்
27.06.2025

யாழினி அப்பாவுக்கு,

மூன்றாம் மாத ஸ்கேனுக்கு நேற்று ரஞ்சனி கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை நன்றாக இருக்கிறது. நெஞ்சு துடிக்கிற சத்தத்தை டாக்டர் கேட்க வைத்தார், ஓடிவருகிற ஆட்டுக்குட்டியின் காலடி மாதிரி அத்தனை வேகம். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று சுவரில் பெரிதாகப் பலகை மாட்டியிருந்தது. எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் பேசாதீர்கள். நான் பஸ் ஏறி வர வேண்டும் என்பதற்காகப் பேசினால், நான் வந்த மறுநாளே அது காலாவதியாகிவிடும். யாழினி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள். தோன்றாவிட்டால் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இப்போதைக்குப் போன கடிதத்தில் உண்மையை எழுதினீர்களே, அதற்காக உங்கள்மேல் கோபம் கால்வாசி குறைந்திருக்கிறது. பேசுவதாக இருந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜீவா


நாமக்கல்
01.07.2025

ஜீவாவுக்கு,

பேசிவிட்டேன்.

ஆடித் திருவிழாவுக்கு நாள் குறித்து முடிந்ததும், வேறு யாராவது பேச வேண்டுமா என்று மாரியப்பன் சித்தப்பா கேட்டார். நான் எழுந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். காக்கை குருவி நுழையாமல் கோழிக் கொட்டகைக்கு வலை போடுவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டுப் பந்தியில் நான் ஒன்று சொன்னேன், அது தப்பு என்று ஆரம்பித்தேன். கோழியில் ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வருகிறது, மனுஷரில் அது தகப்பனிடமிருந்து வருகிறது என்றேன். விந்தகம், விந்தணு, கருமுட்டை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவர் பேரப்பிள்ளையை அங்கிருந்து எழுந்து போகச் சொன்னார். எழுபது நாள் கணக்கையும் சொன்னேன், அதை மட்டும் பண்ணைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். என் மனைவியை எங்கேயும் கொண்டுபோய்ப் பார்க்கமாட்டோம், அந்தப் பேச்சை இனி யாரும் எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மாரியப்பன் சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "அப்ப இந்த வாட்டி என்னத்தடா அனுப்பியிருக்கற?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சித்தப்பா. எது வந்தாலும் நான் அனுப்புனதுதான். அவ மேல பழி இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று மைக்கை வைக்கப் போனபோது ஆராயி அண்ணி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். அண்ணனுக்கு மூன்று பெண்ணுக்குப் பிறகுதானே நாலாவதாகப் பையன் பிறந்தான். அண்ணி மைக் இல்லாமலே கேட்டார்: "ஏனுங்க தம்பி, அப்ப அந்த மூணு பொண்ணுக்கும் உங்கண்ணன் என்னைய வஞ்ச வசவெல்லாம் ஆரைச் சேர்ந்துதுங்க?"

புத்தகத்தில் இருக்கிற பதில் ஒன்றுதான். "அண்ணனைச் சேர்ந்ததுங்க அண்ணி" என்றேன். அண்ணன் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டே வெளியே போனார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு போட அண்ணி அவர் இலைப் பக்கம் போகவே இல்லை. எங்களுக்குத்தான் பரிமாறினார்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் யாழினி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நீ எப்போது வர வேண்டும் என்று இனி நான் கேட்கமாட்டேன். வந்தால் சந்தோஷம்.

கண்ணுசாமி


சேந்தமங்கலம்
01.07.2025, மத்தியானம்

யாழினி அப்பாவுக்கு,

மணியனை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஆராயி அக்கா போன் செய்துவிட்டார். முதலில் அந்த ஸ்கேன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். நான் பட்டது நீயும் படக் கூடாதென்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்றார். அப்புறம் உங்கள் அண்ணனை ஒரு மணி நேரம் திட்டினார். இடையிடையே இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியில் அழுதுவிட்டார்.

"இருவத்தெட்டு வருசமாச்சு ஜீவா. இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே ஆராச்சும் சொல்லியிருந்தா, எம் மூணு புள்ளைக பொறந்தப்பவும் ஒரு நாளாச்சும் சந்தோசப்பட்டிருப்பேன்" என்றார்.

போனை வைத்ததும் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மணியன் வண்டி வேண்டாம், நீங்களே வந்து கூட்டிப்போங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மார்கழியில் பிள்ளை பிறக்கிற அன்றைக்கு நீங்கள் பண்ணைக்குப் போகக் கூடாது. எதுவாக இருந்தாலும் அன்று முழுக்க நாம் சந்தோஷமாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஆராயி அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஜீவா